விற்காமல் கிடந்த கிட்டார்களுக்கு இன்று ஏன் இந்த விலை

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர். அங்கே பார்சன்ஸ் தெருவில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில், கடைகளுக்கு அனுப்பிய கிட்டார்களுக்கெல்லாம் வகைவாரியாகக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் 1958ஆம் ஆண்டுக்கு நேராக ஃப்ளையிங் வி என்ற கிட்டார் 81 என்று இருக்கிறது. அடுத்த ஆண்டு 17. அதோடு நிறுத்திவிட்டார்கள். அதனுடன் பிறந்த எக்ஸ்ப்ளோரருக்கு நிலைமை இன்னும் மோசம், முதல் ஆண்டு 19, இரண்டாம் ஆண்டு 3, மொத்தமே 22. அன்றைக்கு இவற்றின் விலை 247 டாலர் 50 சென்ட். இன்று அந்த 22ல் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால் பேச்சே பல லட்சம் டாலரில்தான் தொடங்கும். வாங்கத் தயாராக இருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், விற்க மனசுள்ளவர்தான் கிடைப்பதில்லை.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் விலையைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அந்தக் காலத்து மரம், அந்தக் காலத்துக் கைவேலை, அந்தச் சத்தம் இப்போது வராது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் இந்த விலைக்கு அது காரணம் ஆகாது. பல வருடங்களாக இந்தச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். இன்று தலை சுற்றும் விலைக்குப் போகும் கிட்டார்களில் பல, வந்த காலத்தில் யாரும் சீந்தாதவை. யாரும் வாங்காததால்தான் கொஞ்சமாகச் செய்தார்கள், சீக்கிரம் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு யாரோ ஒருவர் அதைக் கையில் எடுத்து வாசித்துக் காட்டினார், கேட்டவர்களுக்கெல்லாம் அது வேண்டும் என்று ஆனது, அப்போது கடையில் அது இல்லை. இந்த வரிசை மாறாமல் நடந்திருந்தால் விலை ஏறியிருக்கும். ஒரு படி விடுபட்டிருந்தாலும் ஏறாது, அதற்கும் உதாரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த 1958க்குத் திரும்புவோம். கிப்சன் அன்றைக்கே பழைய நிறுவனம், மேண்டலினும் வயலின் போல வளைவாகச் செதுக்கிய கிட்டாரும் செய்து பேர் வாங்கியவர்கள். கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1950ல் பலகையை அறுத்து போல்ட் போட்டு முடுக்கிய மாதிரி ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார், 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது, இளைஞர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கிப்சனுக்குப் பழமைவாதி என்ற பெயர் விழுந்தது. அப்போது கிப்சனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி, கார்களுக்கெல்லாம் பின்னால் துடுப்பு முளைத்திருந்த, ஸ்புட்னிக் வானத்தில் ஏறிய அந்த 1957ல், மூன்று விநோதமான வடிவங்களுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1958 ஜனவரியில் அது கிடைத்தது. ஒன்று அம்பு முனை மாதிரி இரண்டாகப் பிரிந்த ஃப்ளையிங் வி, இன்னொன்று மின்னல் கீற்றை வெட்டி வைத்த மாதிரி எக்ஸ்ப்ளோரர், மூன்றாவது மாடர்ன்.

இவற்றுக்கு எடுத்த மரத்தின் வியாபாரப் பெயர் கொரினா. மேற்கு ஆப்பிரிக்காவில் லிம்பா என்கிறார்கள். தாவரவியலில் டெர்மினாலியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது, அதாவது நம் ஆற்றங்கரை மருத மரத்துக்கும் கடுக்காய் மரத்துக்கும் நெருங்கிய சொந்தம். வெளிர் மஞ்சளாக இருக்கும், எடை குறைவு, சாயம் பூசாமலேயே தேன் நிறத்தில் பளபளக்கும். அதன் மேல் தங்க முலாம் பூசிய பாகங்களைப் பொருத்தினார்கள். படத்தில் பார்க்கும்போது இன்றைக்கும் அது அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய பொருள் என்று நம்ப முடிவதில்லை.

ஆனால் அன்று கிட்டார் வாசித்தவர் யார்? கோட்டு சூட்டு போட்டு நடன அரங்கில் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர். ஃப்ளையிங் வி-யை மடியில் வைத்தால் நழுவி இறங்கும். அது தெரிந்துதான் அதன் கீழ்க்கிளையின் ஓரத்தில் வரிவரியான ஒரு ரப்பர் பட்டையை ஒட்டி அனுப்பினார்கள். அப்படியும் எடுபடவில்லை. கடைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றை வாங்கிக் கண்ணாடி ஜன்னலில் விளம்பரப் பலகை மாதிரி தொங்கவிட்டார்கள், அதைப் பார்த்து உள்ளே வந்தவர் வேறு கிட்டார் வாங்கிப் போனார். தொழிற்சாலையில் மீந்த உடல்களை 1960களின் தொடக்கத்தில் நிக்கல் பூசிய பாகங்கள் போட்டு முடித்து அனுப்பினார்கள். இன்று சேகரிப்பவர்கள் அந்த நிக்கலைப் பார்த்தே "இது 58 இல்லை, பின்னால் பூட்டியது" என்று பிரித்துவிடுவார்கள்.

வாங்கிய சிலரில் இரண்டு பேர் முக்கியம். இண்டியானாவைச் சேர்ந்த லானி மேக் தன் ஃப்ளையிங் வி-யை வந்த புதிதிலேயே வாங்கினார், அது ஏழாவதாகச் செய்தது என்பதால் அதற்கு நம்பர் செவன் என்றே பெயர். இன்னொருவர் ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங். இடது கைக்காரர், வலது கைக் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசிப்பவர். சாதாரண கிட்டாரைத் திருப்பினால் கை நுழைய உடலில் விட்டிருக்கும் வெட்டு மேல் பக்கம் போய்விடும், உடலை ஒட்டிய உச்ச ஸ்வரக் கட்டைகளுக்கு (ஃப்ரெட்) கை எட்டாது. வி வடிவம் இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. யாருக்கும் உதவாது என்று ஒதுக்கிய வடிவம் ஒருவருக்கு மட்டும் அளவெடுத்துச் செய்ததுபோல் அமைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது. 1960களில் அவர் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் ராக் இசைக்கு வந்தபோது, கிப்சன் 1967ல் ஃப்ளையிங் வி-யை மஹோகனி மரத்தில் மறுபடி கொண்டுவந்தது, ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில் ஒன்று போனது. எக்ஸ்ப்ளோரர் 1970களின் நடுவில் திரும்பியது. ஆனால் கொரினாவில் செய்த அந்தப் பழைய நூற்றுச் சொச்சம் கிட்டார்களைத் திரும்ப உருவாக்க முடியாதே.

சரி, மூன்றாவது வடிவம் மாடர்ன் என்ன ஆனது? காப்புரிமைப் படம் இருக்கிறது. 1950களில் செய்த கிட்டார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒன்றுகூட இதுவரை வெளியே வரவில்லை. 1982ல் கிப்சன் அதைப் புதிதாகச் செய்து விற்றது, அது வேறு. "என்னிடம் ஒன்று இருக்கிறது" என்று அவ்வப்போது யாராவது சொல்வார்கள், ஆராய்ந்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நான் முதலில் சொன்ன அந்த 22, கணக்குப் புத்தகத்தில் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரில் இல்லை, கொரினா மாடர்ன் கிட்டார் என்பதன் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறது. எழுதியவர் எக்ஸ்ப்ளோரரைத்தான் நவீன கிட்டார் என்று குறித்தார் என்பதே பொதுவான கருத்து. அந்த ஒரு சுருக்கெழுத்தில்தான் மாடர்ன் தேடுபவர்களின் நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது.

இனி இந்த உலகத்தின் நடுநாயகமான பர்ஸ்ட். கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் பெயரில் கிப்சன் செய்த லெஸ் பால் கிட்டார் 1952ல் தங்க நிறத்தில் வந்தது. விற்பனை குறைந்தபோது, 1958ல் தங்கப் பூச்சை எடுத்துவிட்டு, மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும்படி ஓரத்தில் சிவப்பும் நடுவில் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றினார்கள். சூரிய ஒளி விரிவது மாதிரி இருப்பதால் சன்பர்ஸ்ட், சுருக்கி பர்ஸ்ட். அதுவும் போதிய அளவு விற்கவில்லை. 1960ன் கடைசியில் வடிவத்தையே மாற்றி, இரண்டு கொம்போடு மெல்லியதாக, இன்று எஸ்ஜி என்று அழைக்கும் கிட்டாராக ஆக்கிவிட்டார்கள். மூன்று ஆண்டில் மொத்தம் சுமார் 1,500 பர்ஸ்ட்தான் வெளியே போயிருக்கும். 1964ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒன்றோடு மேடையேறினார். 1966ல் ஜான் மேயலின் குழுவில் எரிக் கிளாப்டன் ஒரு பர்ஸ்டை மார்ஷல் ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில் சொருகி, ஒலியைத் திருகி முழுசாக ஏற்றி வாசித்தார், அந்த இசைத்தட்டைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் கிட்டாரைத் தேடி அலைந்தார்கள். கிப்சன் அசைந்துகொடுத்து லெஸ் பாலை மறுபடி ஆரம்பித்தது 1968ல்தான். அதற்குள் பழையதற்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. இன்று யார் கைபட்டது என்ற கதை எதுவும் இல்லாத நல்ல 1959 பர்ஸ்ட் ஒன்றுக்கே 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள்.

பர்ஸ்டின் அழகுக்கும் ஒரு குறைதான் காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அன்று பயன்படுத்திய சிவப்புச் சாயம் வெயிலுக்குத் தாங்கவில்லை. கடை ஜன்னலில் சில மாதம் தொங்கினாலே வெளுக்கத் தொடங்கும். ஒன்று எலுமிச்சை மஞ்சளாகும், ஒன்று தேநீர் நிறத்துக்கு வரும், ஒன்று சிவப்பே இல்லாமல் தேன் நிறமாகும். வாடிக்கையாளர்கள் குறை சொன்னதும் 1960ல் நிற்கும் சாயத்துக்கு மாறினார்கள். அந்த வெளுப்பினால் ஒரு பர்ஸ்ட் மாதிரி இன்னொன்று இல்லாமல் போனது. மரவரியையும் வெளுப்பையும் வைத்து ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் சொல்பவர்கள் இருக்கிறார்கள், திருட்டுப் போனதைக்கூட அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்புறம் பிக்கப். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் அந்தச் சுருள் பெட்டி. கிப்சனில் வேலை செய்த சேத் லவர், இரைச்சலை அடக்க இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து ஒரு பிக்கப் செய்தார், 1955ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957ல் லெஸ் பாலில் வந்தது. அடியில் ஒரு கருப்பு ஸ்டிக்கர், "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று ஆங்கிலத்தில் (Patent Applied For) தங்க எழுத்து, அதன் முதலெழுத்துகளால் அதற்கு பிஏஎஃப் என்று பெயர். காந்தம் எந்த ரகம் கையில் இருந்ததோ அதைப் போட்டார்கள், கம்பியும் எண்ணிச் சுற்றவில்லை, அதனால் ஒன்றுக்கொன்று குரல் மாறும். சுருள் சுற்றும் கருப்புப் பிளாஸ்டிக் தட்டுப்பாடானபோது வெள்ளையில் செய்தார்கள், இரண்டும் வெள்ளையாக அமைந்த பிக்கப்புக்கு இன்று விலை இன்னும் கூடுதல், ஒலியில் எந்த வித்தியாசமும் கிடையாது. 1959ல் காப்புரிமை கிடைத்த பிறகும் பழைய ஸ்டிக்கரையே 1962 வாக்கில் வரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வந்த ஸ்டிக்கரில் ஒரு எண் அச்சடித்தார்கள், 2,737,842. அது இந்தப் பிக்கப்பின் எண்ணே கிடையாது, லெஸ் பால் பெயரில் இருந்த ஒரு கம்பி தாங்கியின் காப்புரிமை எண். இப்படிப்பட்ட விவரங்களைத் தெரிந்து வைத்திருப்பது பொழுதுபோக்குக்காக இல்லை, லட்சக்கணக்கான டாலர் இந்த ஸ்டிக்கரில்தான் தொங்குகிறது.

ஏனென்றால் இந்தச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது "ஒரிஜினல்" என்ற ஒரு சொல். மேல் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் விலை பாதி என்பது வியாபாரிகளின் பழைய கணக்கு. தலை உடைந்து ஒட்டியிருந்தாலும் ஏறக்குறைய அதே அடிதான். கிப்சன் கிட்டார்களின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், சாய்வு தொடங்கும் அதே இடத்தில் நெக்கின், அதாவது கிட்டாரின் கழுத்தின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை முடுக்கக் குழி வெட்டியிருப்பார்கள், அதனால் கீழே விழுந்தால் அங்கேதான் முறியும். நன்றாக ஒட்டிய கிட்டார் பழையபடியே பாடும், ஆனால் விலைக்கு அது கேட்காது. எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஒட்டிய கிட்டாரைத்தான் வாங்கியிருப்பேன், வாசிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது.

பார்ப்பவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். ஒலி கூட்டிக் குறைக்கும் பாட் இருக்கிறதே, அதன் உலோக முதுகில் ஓர் எண் முத்திரை இருக்கும். 134832 என்று இருந்தால், 134 என்பது சென்ட்ராலாப் என்ற தயாரிப்பாளர், 8 என்பது 1958, 32 என்பது அந்த ஆண்டின் 32வது வாரம். கிட்டாரின் வரிசை எண் ஒரு ஆண்டைச் சொல்லி, பாட் அதற்குப் பிந்திய ஆண்டைச் சொன்னால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். சாலிடர் பற்றுகள் தொழிற்சாலையில் வைத்ததுதானா, சூடுபட்டு மறுபடி உருகியதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். புற ஊதா விளக்கில் பழைய நைட்ரோ வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும், புதிதாகப் பூசிய இடம் தனியாகத் தெரிந்துவிடும். திருகாணியைக் கழற்றினால் அடியில் மரத்தின் நிறம் எப்படி என்று பார்ப்பார்கள். 1952 முதல் 57 வரை வந்த தங்க லெஸ் பால்களைச் சுரண்டி பர்ஸ்ட் ஆக்கியவர்கள் நிறையப் பேர், அதைச் சொல்லி விற்றால் தப்பில்லை, சொல்லாமல் விற்பதுதான் மோசடி. அதைவிட எனக்கு வருத்தம், இஎஸ்-175 மாதிரி நல்ல பழைய ஜாஸ் கிட்டார்களிலிருந்து பிஏஎஃப் பிக்கப்பை மட்டும் பிடுங்கிவிட்டு உடலை அநாதையாக விற்பது. பாகங்களின் விலை முழுக் கிட்டாரின் விலையைத் தாண்டிவிட்டதால் வந்த கேடு அது.

இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. ஓய்வு பெற்ற ஒரு மெல்லிசைக் குழுக் கலைஞரிடமிருந்து 1970களில் செய்த ஜப்பான் கிட்டார் ஒன்றை வாங்கினேன். ஒலி திருகியைத் திருப்பினால் கரகரத்தது, அவ்வளவுதான் கோளாறு, சுத்தம் செய்து தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், பாட் நான்கையும் புதிதாக மாற்றி, உடம்பு முழுக்கப் பளபளவென்று பெயிண்டும் அடித்து வைத்திருந்தார்கள், பெயிண்டுக்குக் காசு வாங்கவும் இல்லை. பழைய பாகங்களைக் கேட்டேன், குப்பையில் போய்விட்டது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்கு நல்லது செய்வதாக நினைத்தே செய்தார்கள். அந்த வெடிப்பு விழுந்த பழைய பூச்சு எப்படி இருந்தது என்பது இப்போது என்னிடம் இருக்கும் இரண்டு புகைப்படத்தில் மட்டும்தான்.

ஜப்பான் கிட்டார் என்றதும் ஒரு விஷயம். 1970களில் கிப்சன், ஃபெண்டர் இரண்டும் தரத்தில் சரிந்த நேரத்தில் ஐபனெஸ், கிரெகோ, டோகாய் எல்லாம் அவர்களின் பழைய வடிவங்களை அப்படியே, பல சமயம் அவர்களைவிடச் சுத்தமாகச் செய்தார்கள். 1977ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸை அமெரிக்காவில் விநியோகித்த எல்ஜர் மீது, தலைப்பகுதியின் வடிவத்துக்காக வழக்குப் போட்டது, நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானம் ஆனது. அந்த ஒரே வழக்கை வைத்து இன்று அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார் எல்லாவற்றையும் "லாசூட் கிட்டார்" (வழக்குக் கிட்டார்) என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். விற்பவர் அந்தச் சொல்லைச் சொன்னால் அதற்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள், கிட்டாரைப் பாருங்கள்.

ஃபெண்டர் பக்கம் கதை வேறு மாதிரி. அங்கே கோடு 1965 ஜனவரி. லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சிபிஎஸ் என்ற ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்திடம் விற்ற மாதம். அதற்கு முன்னே செய்தது என்றால் ஒரு விலை, பின்னே என்றால் வேறு விலை, தொழிலாளர்கள் மறுநாளே வேலையை மறந்துவிட்ட மாதிரி. அடுத்தது நிறம். சாதாரண சன்பர்ஸ்டுக்குப் பதில் டூபாண்ட் கார் பெயிண்டில் சிவப்போ நீலமோ கேட்டால் அன்று 5 சதவீதம் கூடுதல். பெரும்பாலானவர்கள் அந்த 5 சதவீதத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்களின் கிட்டார் இன்று மற்றதைவிடப் பல மடங்கு போகிறது, அதனால் நிறத்திலும் போலி நிறைய.

இவ்வளவு நேரம் ஒரிஜினல் ஒரிஜினல் என்று சொன்னதற்கெல்லாம் நேர் எதிராக ஒரு வகை கிட்டார் இருக்கிறது, வாசித்தவரின் பெயரால் விலை போவது. 1970ல் கிளாப்டன் நாஷ்வில்லில் ஒரு கடையில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆறு வாங்கினார். அப்போது அதற்கு மதிப்பே இல்லை, ஒன்று நூறு டாலர் அளவுதான். மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் கொடுத்துவிட்டு, மிச்ச மூன்றில் நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒன்றாகக் கோத்தார். அதுதான் பிளாக்கி. சேகரிப்பவர்களின் விதிப்படி அது ஒட்டுப்போட்ட கிட்டார், 2004ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது, பணம் அவர் ஆன்டிகுவாவில் நிறுவிய போதை மீட்பு மையத்துக்கு. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மரின் கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படித்தான், நெக் மாற்றி பிக்கப் மாற்றி ஓட்டை போட்டு அடைத்து நாற்பது வருடம் அவர் குடைந்துகொண்டே இருந்தது, 2019ல் 39,75,000 டாலர். அந்தப் பணமும் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் ஒரு தொண்டு அமைப்புக்குப் போனது. ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பீட்டர் கிரீனுடைய பர்ஸ்டில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது, அதனால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கால் பாடுவது போல ஒரு குழிந்த ஒலி. வேறு கிட்டாரில் இதைப் பழுது என்று சரிசெய்திருப்பார்கள். அது கேரி மூரிடம் போய், பிறகு மெட்டாலிகாவின் கர்க் ஹேமட்டிடம் வந்து, அந்தக் காந்தத்தை இன்றுவரை யாரும் திருப்பவில்லை.

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவி நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் டி-18இ, 2020ல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த மாடலே தோல்விதான். பெட்டிக் கிட்டாரின் மேல் எலெக்ட்ரிக் பிக்கப்பையும் திருகிகளையும் பூட்டினார்கள், பெட்டிக் கிட்டாராகவும் சரியாக ஒலிக்கவில்லை, எலெக்ட்ரிக்காகவும் இல்லை, 302 மட்டும் செய்து நிறுத்திவிட்டார்கள். கோபேனின் தலைமுறை ஜாக்குவார், ஜாஸ்மாஸ்டர், மஸ்டாங் என்று ஃபெண்டரின் மவுசு குறைந்த மாடல்களைக் கையில் எடுத்ததற்கும் காரணம் எளிது, 1980களில் அடகுக் கடைகளில் அதுதான் மலிவாகக் கிடைத்தது. மாணவர்களுக்காகச் செய்த மஸ்டாங் ஒன்று, அவருடைய நீலக் கிட்டார், 2022ல் 45 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. பதினைந்து வயதில் எந்தக் கிட்டாரைப் பார்த்து ஏங்கினோமோ அதை ஐம்பது வயதில் காசு வந்ததும் வாங்குகிறோம், பர்ஸ்டின் விலையை ஏற்றியதும் அந்த ஏக்கம்தான், இப்போது அடுத்த தலைமுறையின் முறை. இந்த விலையெல்லாம் ஏறிக்கொண்டே போகும் என்றும் நினைக்க வேண்டாம், 2008 நிதி நெருக்கடியில் விலை சரிந்தபோது முதலீடு என்று வாங்கிக் குவித்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

விடுபட்ட படி என்று சொன்னேனே, அது இங்கேதான். அரிதாக இருந்தால் மட்டும் விலை வந்துவிடாது. சோவியத் யூனியனில் 1969ல் லெனின்கிராடில் டோனிகா என்று ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்தார்கள், ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் உரால் என்று இன்னொன்று, தூக்கினால் தோள் இறங்கும் கனம். பார்க்க விசித்திரம், நம் பக்கம் கண்ணிலேயே படாதவை, ஆனால் விலை சொற்பம். வாசித்து உலகத்தை ஏங்க வைத்தவர் யாரும் வரவில்லை. இத்தாலியில் அக்கார்டியன் விற்பனை படுத்தபோது காஸ்டெல்ஃபிடார்டோ, ரெகனாட்டி வட்டாரத்து அக்கார்டியன் பட்டறைகள் கிட்டாருக்கு மாறின, அதனால்தான் அந்தக் கிட்டார்களில் மின்னும் பிளாஸ்டிக் தகடும் அக்கார்டியன் மாதிரி அழுத்தும் பொத்தான்களும் இருக்கும். அவர்களிடையே தனி ஆள் வாண்ட்ரே பியோலி, அலுமினிய நெக் வைத்து, ஓவியம் தீட்டியது போல் உடலைச் செய்தவர், அவருடைய கிட்டாருக்கு இன்று நல்ல விலை.

அமெரிக்காவிலேயே தபால் வழியில் விற்ற மலிவுக் கிட்டார்கள் ஒரு தனி உலகம். சியர்ஸ் விற்ற சில்வர்டோன் கிட்டாரைத் தூக்கிச் செல்லும் பெட்டிக்குள்ளேயே ஆம்பும் ஸ்பீக்கரும் இருக்கும், எல்லாம் சேர்த்து 70 டாலருக்குள். செய்தவர்கள் டான்எலெக்ட்ரோ, உடல் மரத்தூள் அட்டை, பிக்கப் உதட்டுச்சாயக் குழாய்க்குள். வால்கோ என்ற நிறுவனம் கண்ணாடி இழையில் இரண்டு ஓடு வார்த்து நடுவில் பட்டை ஓட்டி ஏர்லைன் என்ற பெயரில் மாண்ட்கமரி வார்டுக்குச் செய்து கொடுத்தது, 1968ல் திவாலானது. பின்னாளில் ராக் கலைஞர் ஜாக் வைட் சிவப்பு ஏர்லைன் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார், பழைய வரிசை அப்படியே மறுபடி நடந்தது.

கடைசியாக மரம். பழைய கிட்டார்களின் விரல்பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். 1992ல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் அது சேர்ந்தது, அதனால் பழைய பர்ஸ்டை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்றால் மரம் தடைக்கு முந்தையது என்று சான்றிதழ் வேண்டும். பிரேசில் மரம் கிடைப்பது குறைந்த 1960களின் கடைசியிலிருந்து கிட்டார் செய்பவர்கள் திரும்பியது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்குத்தான், கூடலூர் பக்கம் போனால் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நிழலாக நிற்கும். தமிழ்நாட்டில் 1994ல் ஈட்டிக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2017ல் ஈட்டி உட்பட ரோஸ்வுட் இனங்கள் அத்தனையும் அந்தச் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019ல் விலக்குக் கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அந்த மாடர்னை மறுபடி யோசித்துப் பாருங்கள். நாளைக்கு யாராவது ஒருவர் தாத்தாவின் பரணிலிருந்து ஒன்றை எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாட் எண் 1957க்கோ 58க்கோ வர வேண்டும். பிக்கப் அடியில் எண் இல்லாத கருப்பு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். சாலிடர் ஒருமுறைதான் உருகியிருக்க வேண்டும். உலோகத்தில் தங்க முலாமோ, அது தேய்ந்த தடமோ இருக்க வேண்டும். வார்னிஷ் விளக்கில் பச்சையாக ஒளிர வேண்டும், அதன் அடியில் கொரினா, விரல்பலகையில் பிரேசில் ரோஸ்வுட். இதில் ஒவ்வொன்றையும் பழைய பாகங்கள் வாங்கிச் சேர்த்துவிட முடியும், கொரினாவின் உடல் வடிவத்தைத் தவிர. அது வரைக்கும் சரியாக இருந்தாலும் கலமசூவின் கணக்குப் புத்தகத்துக்குத்தான் திரும்ப வேண்டும், அங்கே 22 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சுருக்கெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுதியில்லை.